‘மியூசியம்’ என்று சிரித்த சேர்மாருக்கு

எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் ஒரு லைவில் சேர் ஒருவர், கோட் வாசிக்கப் பழைய டூல் பாவித்த பிள்ளையைப் பார்த்துச் சிரித்த அந்த கிளிப் எங்கள் குடும்ப வட்ஸ்அப் குரூப் வரைக்கும் வந்து, சித்தப்பா “இது உன்ர வகுப்புப் பிள்ளை தானே?” என்று கேட்ட பிறகு சும்மா இருக்க ஏலாது.

ஓம், எங்கட வகுப்புப் பிள்ளைதான். லைவ் பார்த்தவர்களுக்கு நான் புதிதாக எதுவும் சொல்லத் தேவையில்லை. பிள்ளை ஸ்க்ரீன் ஷெயார் பண்ணினது. கறுப்பு டெர்மினல், உள்ளே விம் என்ற பழைய டெக்ஸ்ட் எடிட்டர். சேர் கேட்ட ஃபங்ஷனில் கர்சரை வைத்து ஒரு கீ, சிடேக்ஸ் என்ற டூல் போட்டு வைத்த பட்டியலைப் பார்த்து அந்த ஃபங்ஷன் எழுதப்பட்ட இடத்துக்கே போனது. இன்னொரு கீ, பழைய இடத்துக்குத் திரும்பி வந்தது. கேட்ட கேள்விக்குப் பதில் அங்கேயே கிடைத்துவிட்டது. ஆனால் சேருக்கு அது கண்ணில் படவில்லை. “தங்கச்சி, இது மியூசியத்தில இருந்து எடுத்ததா?” என்றார். பிறகு, “டூல் செட்டப் பண்ணிக்கொண்டே இருந்தா வேலை செய்யிறது எப்ப?” சிரிப்பு எமோஜிகள் மழையாய்ப் பொழிந்தன.

சேர், அது வேலைதான். பெரிய கோட்பேஸில், அதாவது ஒரு பெரிய சொஃப்ட்வெயாரின் முழுக் கோட்டில், முதல் வேலையே அதுதான்.

நாலு ஃபைல் உள்ள ப்ரொஜெக்ட்டுக்கு ஒன்றும் தேவையில்லை, நோட்பேட் போதும். நான் சொல்வது ஆயிரக்கணக்கான ஃபைல் உள்ள, எழுதினவர்களில் பாதிப்பேர் விட்டுப் போய்விட்ட கோட். அங்கே புது ஆள் முதல் மாதத்தில் எழுதுவதை விட வாசிப்பதுதான் கூட. இது எங்கே எழுதப்பட்டிருக்கு, இதை யார் கூப்பிடுறாங்க, நான் எங்கே இருந்து வந்தேன்: நாள் முழுக்க இந்த மூன்று கேள்விதான். இதற்குக் கையில் டூல் இல்லாமல் ஸ்க்ரோல் பண்ணிக்கொண்டிருப்பதைத்தான் வேலை என்று நினைக்கிறீர்களா?

லினக்ஸ் ஒப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கெர்னலை எடுங்கள். மூன்று கோடி வரிகளுக்கு மேல். அதில் ‘சிஸ் கெட்பிட்’ (sys_getpid) என்ற ஃபங்ஷன் எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று சும்மா கிரெப் என்ற சொல் தேடும் டூலால் தேடிப் பாருங்கள். ஹெடரில் அறிவிப்பு வரும், டேபிள்கள் வரும், மேலே போட்ட கொமெண்ட் வரும், ஃபங்ஷனை எழுதின வரி மட்டும் வராது. ஏனென்றால் அது ‘கெர்னல்’ ஃபோல்டரில், சிஸ் டொட் சி ஃபைலுக்குள், ‘சிஸ்கோல் டிஃபைன் ஸீரோ’ என்ற மேக்ரோவுக்குள், அதாவது கம்பைல் பண்ணும்போது முழுக் கோட்டாக விரியும் சுருக்கத்துக்குள், வெறும் ‘கெட்பிட்’ ஆக ஒளிந்திருக்கிறது. இது கெர்னல்காரருக்குத் தெரியாதா? சிடேக்ஸ் பட்டியல் போட ‘மேக் டேக்ஸ்’ என்று அடித்தால் ஓடுகிற அவர்களுடைய ஸ்கிரிப்ட்டில் இந்த மேக்ரோக்களுக்கென்றே தனி விதிகள் எழுதி வைத்திருக்கிறார்கள். எந்த ஃபங்ஷனை யார் கூப்பிடுகிறார்கள் என்று தேடித் தரும் சிஸ்கோப்புக்கு ‘மேக் சிஸ்கோப்’ உம் இருக்கிறது. சி கோட்டை விளங்கி எடிட்டருக்குப் பதில் சொல்லும் கிளாங்டி என்ற சேர்வருக்குத் தேவையான கம்பைல் கமாண்ட்ஸ் ஜேசன் ஃபைலையும் அதே மேக் செய்து தரும். அப்படியென்றால் அவர்களும் மியூசியத்தில்தான் குந்தியிருக்கிறார்கள். ஒருக்கா மெயில் போட்டுச் சொல்லிவிடுங்கள் சேர்.

“விஎஸ் கோட் போட்டா எல்லாம் தானா வரும் அண்ணை” என்று கொமெண்டில் ஒரு தம்பி எழுதியிருந்தார். தம்பி, நானும் பாவிக்கிறேன். நல்ல எடிட்டர். 2016 இல் மைக்ரோசொஃப்ட் வெளியிட்ட லாங்வேஜ் சேர்வர் புரொட்டோகோல், அதாவது எடிட்டரும் கோட்டை விளங்குகிற சேர்வரும் பேசிக்கொள்ளும் பொது முறை, பெரிய காரியம். ஒரு மொழிக்கு ஒரு சேர்வர் எழுதினால் விம், ஈமாக்ஸ், விஎஸ் கோட் எல்லாவற்றிலும் ஓடும். விமின் புதுக் கிளையான நியோவிமுக்குள் 2021 இலேயே அது வந்துவிட்டது, ஈமாக்ஸில் 2023 இல் இருந்து அதற்கான எக்ளொட் கூடவே வருகிறது. ஆனால் ‘தானா வரும்’ என்றீர்களே, அங்கேதான் பிரச்சினை. ஒரு பழைய சி ப்ரொஜெக்ட்டைத் திறந்து பாருங்கள். இன்க்ளூட் வரிகளுக்கெல்லாம் சிவப்புக் கோடு விழும். எந்த ஃபைலை எந்தக் கம்பைலர் ஒப்ஷனோடு கம்பைல் பண்ணுவது என்று கிளாங்டிக்கு யார் சொல்வது? பில்ட் பண்ண சிமேக் பாவித்தால் ஒரு வரி ‘ஓன்’ பண்ண வேண்டும். வெறும் மேக்ஃபைல் என்றால் ‘பெயார்’ (Bear) என்ற டூலுக்குள்ளால் பில்டை ஒருக்கா ஓட்டி எடுக்க வேண்டும். இதற்கு என்ன பெயர்? செட்டப். நீங்கள் செய்யவில்லை என்றால் உங்கள் கொம்பனியில் வேறு யாரோ செய்து வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று. அந்தப் பிள்ளையின் லப்டொப்பில் இருப்பது 4 ஜிபி ரேம். பெரிய ப்ரொஜெக்ட்டில் கிளாங்டி இண்டெக்ஸ் போடத் தொடங்கினால் மெஷின் மூச்சு விடாது. சிடேக்ஸ் செய்வதோ ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைல். பெயர், ஒரு டேப், ஃபைல், ஒரு டேப், தேட வேண்டிய வரி. அகரவரிசையில் அடுக்கி வைத்திருப்பதால் விம் கண்ணிமைக்கும் நேரத்தில் எடுத்துவிடும். அந்தப் பிள்ளையின் விம் கொன்ஃபிக்கில் டேக்ஸ் வரியின் முடிவில் ஒரு அரைப்புள்ளி இருந்தது, கவனித்தீர்களா? அது இருந்தால்தான் எவ்வளவு ஆழமான ஃபோல்டரில் நின்றாலும் மேலே மேலே ஏறிப் போய் டேக்ஸ் ஃபைலைக் கண்டுபிடிக்கும். அது இல்லாமல் ‘நோ டேக்ஸ் ஃபைல்’ என்று எரர் வந்து, டூல் சரியில்லை என்று தூக்கி எறிந்த ஆக்கள் எத்தனையோ பேர். அந்த அரைப்புள்ளியைத் தெரிந்த பிள்ளையைப் பார்த்துத்தான் சிரித்தீர்கள்.

எனக்கு இதைக் காட்டித் தந்தவர் கொழும்பில் என் முதல் வேலையில் பக்கத்து மேசையில் இருந்த ஒரு சிங்கள அண்ணர். நான் அப்போது ஏ4 தாளில் கோட்டைப் பிரிண்ட் எடுத்து, எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிடுகிறது என்று பென்சிலால் அம்புக்குறி போட்டுக்கொண்டிருந்தேன். மனுசன் சிரிக்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு, சிஸ்கோப்பில் எண் 3 போட்ட கேள்வி, அதாவது இந்த ஃபங்ஷனைக் கூப்பிடுவது யார், அதை அடித்துக் காட்டினார். என் மேசை முழுக்கப் பரப்பியிருந்த தாளெல்லாம் ஒரு ஸ்க்ரீனில் பட்டியலாக வந்தது. சீனியர் என்றால் அப்படி இருக்க வேண்டும்.

2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, மறந்துவிட்டதா? கொழும்பில் ஜெனரேட்டர் இருந்தவர்களுக்கு மறந்திருக்கும். திருகோணமலைப் பக்கம் உப்புவெளியில் நான் பட்டறி தீரும் வரைக்கும் வேலை செய்தது சிடேக்ஸை வைத்துத்தான். இன்டர்நெட்டும் தேவையில்லை, ஃபேன் இரைச்சலும் இல்லை.

“கோட் வாசிக்கிற காலம் போயிட்டு, ஏஐயிட்ட கேட்டாச் சரி.” இந்தக் கொமெண்டுக்கு விழுந்த லைக்தான் எனக்குக் கூடக் கடுப்பு. ஏஐ வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? அந்த ஏஐ டூல்கள் உங்கள் கோட்பேஸுக்குள் இறங்கினால் என்ன செய்கின்றன என்று அவற்றின் லொக் (log) ஃபைலைத் திறந்து பாருங்கள். பலவும் உள்ளே கிரெப் ஓட்டித்தான் தேடுகின்றன. மெஷினுக்கே தேடல் டூல் வேண்டுமாம், எங்கட பிள்ளைக்கு மட்டும் வேண்டாமாம். ஏஐ சொன்ன பதில் சரியா என்று பார்க்கவாவது அந்த ஃபங்ஷனுக்குப் போக வேண்டாமா? எப்படிப் போவீர்கள், ஸ்க்ரோல் பண்ணியா?

சிடேக்ஸுக்குக் குறை இல்லையா என்றால், இருக்கிறது. ‘ப்ரோப்’ என்ற ஒரே பெயரில் நூறு ஃபங்ஷன் இருந்தால் நூறையும் கொண்டுவந்து கொட்டும். நியோவிம் 0.9 இல் சிஸ்கோப்பையே தூக்கிவிட்டார்கள். தெரியும். அதற்கென்ன இப்போது?

எல்லாவற்றையும் விட்டுவிடலாம். “கிண்ணியாப் பாலம் திறந்த பிறகும் பாதையில போற ஆக்கள் மாதிரி” என்று ஒருவர் பகிடி விட்டிருந்தார் பாருங்கள், அதை விட முடியவில்லை. பாதை, அதாவது பாலம் இல்லாத இடத்தில் ஆக்களை அக்கரைக்குக் கொண்டுபோகும் மிதவை, உங்களுக்குப் பகிடி. 2021 நவம்பரில் கிண்ணியாவில் குறிஞ்சாக்கேணியில் பாலம் வேலை முடியாமல் கிடந்ததால் பாதையில் போன பள்ளிக்கூடப் பிள்ளைகள் திரும்பி வரவில்லை. இங்கே யாரும் பழசு மேல் ஆசைப்பட்டுப் பாதையில் ஏறுவதில்லை ஐயா. இருப்பதில்தான் ஏறுகிறோம். 4 ஜிபி லப்டொப்பும் அப்படித்தான் வந்தது. இதை விளங்காமல் “திருகோணமலைப் பிள்ளைகளுக்கு எக்ஸ்போஷர் காணாது” என்று வேறு ஒரு முடிவு. எக்ஸ்போஷர் எங்களிடம் இருக்கிறது, உங்களிடம்தான் அந்த லைவில் காணவில்லை.

“நீங்கள் ஏன் இவ்வளவு உணர்ச்சிவசப்படுறீங்க, சேர் சும்மா பகிடிக்குத்தானே சொன்னவர்” என்று எழுத வருபவர்களுக்கு: அந்தப் பிள்ளை லைவ் முடிந்த அன்றைக்கு விமை அழித்துவிட்டு விஎஸ் கோட் இறக்கிக்கொண்டிருந்தது. அந்த மெஷினில் அது திறக்கவே எவ்வளவு நேரம் எடுக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா? நான் போன் எடுத்துக் கதைத்து, பழைய கொன்ஃபிக்கைத் திரும்பப் போட வைத்தேன். கிளிப்பைப் போட்டவர் அதை எடுத்தால் நல்லது. சேர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றெல்லாம் நான் எதிர்பார்க்கவில்லை, அவர் பிஸி.

சனிக்கிழமை வகுப்பு வழமை போல நடக்கும். இந்த முறை சிஸ்கோப். சோர்ஸை வீட்டிலேயே இறக்கி, லப்டொப்பை ஃபுல்லா சார்ஜ் பண்ணிக்கொண்டு வாங்கோ. ஹோலில் ஒரு பிளக்தான் வேலை செய்யுது.