வி.ஆர். விளையாட்டில் முதலில் விளக்கை அணையுங்கள்

டேட்டா ஸ்ட்ரக்சர் (கம்ப்யூட்டரில் தகவலை அடுக்கிவைக்கும் முறைகள்) பாடத்துக்கு வி.ஆர். விளையாட்டு, அதாவது ஹெட்செட் மாட்டி உள்ளே நடமாடும் மெய்நிகர் விளையாட்டு, செய்பவர்கள் பெரும்பாலும் எல்லாப் பெட்டிகளையும் பளிச்சென்ற வெளிச்சத்தில் வரிசையாக மிதக்க விடுகிறார்கள். பாடம் கெடுவது அங்கேதான்.

லிங்க்டு லிஸ்ட் என்பது ஒவ்வொரு பெட்டியும் (நோடு) அடுத்த பெட்டி இருக்கும் இடத்தை மட்டும் காட்டும் சங்கிலி. அதில் கம்ப்யூட்டர் கையில் இருப்பது முதல் பெட்டியைக் காட்டும் ஹெட் ஒன்றுதான். ஏழாவது நோடுக்குப் போக ஆறு தாவல் வேண்டும். ஹெட்செட் மாட்டிய மாணவரோ ஏழாவது பெட்டியைக் கண்ணால் பார்த்து நேரே போய் எடுத்துவிடுவார். அவர் படித்தது எந்தப் பெட்டியையும் நேரே எடுக்க முடிகிற அர்ரே! அதனால் அறையை இருட்டாக்குங்கள். பாயிண்டர் (இடத்தைச் சுட்டும் குறி) காட்டும் பெட்டியில் மட்டும் வெளிச்சம் இருக்கட்டும்.

அடுத்த பெட்டியைக் காட்ட, ஒரு பெட்டிக்கு ஒரு கயிறு. நடுவில் புதுப் பெட்டி செருக, அதன் கயிற்றை முதலில் அடுத்த பெட்டியில் மாட்ட வேண்டும். பிறகுதான் முந்தைய பெட்டியின் கயிற்றைக் கழற்றிப் புதியதில் மாட்டலாம். வரிசை மாறினால், முந்தைய பெட்டி இப்போது புதியதையே காட்டுவதால், புதுப் பெட்டியின் கயிறு திரும்பி வந்து அதன் மேலேயே மாட்டிக்கொள்ளும், மீதிப் பெட்டிகள் பிடிமானமின்றி இருட்டில் போய்விடும். புரோகிராம் கோடிலும் இதேதான் நடக்கிறது. சிவப்பில் ‘தவறு’ என்று காட்டாதீர்கள். அவரே நடந்து போய், ஒரே பெட்டியைச் சுற்றிச் சுற்றி வரட்டும்.

சார்ட்டிங்கிலும் (சிறியது முதல் பெரியது வரை அடுக்குவது) எண்களை மூடிவைத்துத் தராசு ஒன்று கொடுங்கள், ஒரு முறைக்கு இரண்டு பெட்டி. 8 பெட்டிகளுக்கு, ஒவ்வொரு முறையும் மீதியில் சிறியதைத் தேடும் செலக்‌ஷன் சார்ட் 28 முறை நிறுக்க வைக்கும். பாதி பாதியாகப் பிரித்து, அடுக்கிச் சேர்க்கும் மெர்ஜ் சார்ட்டுக்கு அதிகபட்சம் 17. பெட்டிகள் கூடக் கூட வேலை எவ்வளவு கூடும் என்று சொல்லும் ஓ‑நொடேஷன் கையில் உறைக்கும் இடம் இது.

லேபில் 30 பேர், 5 ஹெட்செட் என்றால் ஆளுக்கு 12 நிமிடம், துடைத்து மாற்ற 3 நிமிடம், ஆறு சுற்றுக்கு மொத்தம் 90 நிமிடம். காத்திருப்பவர்கள் திரையில் பார்த்தபடி அடுத்த அசைவைத் தாளில் எழுத வேண்டும், இல்லையென்றால் அது வேடிக்கைதான்.

குமட்டலுக்கு முக்கியக் காரணம் ஜாய்ஸ்டிக் நடை, அதாவது உடல் நிற்க, குச்சியைத் தள்ளி நகர்வது. கண் நகர்கிறது என்கும், உள்காது இல்லை என்கும். டெலிபோர்ட்டும் (சுட்டிய இடத்துக்கு ஒரே தாவல்) 30 அல்லது 45 டிகிரி சட்டென்று திரும்பும் வெட்டுத் திருப்பமும் வையுங்கள். குவெஸ்ட் 2 ஹெட்செட்டில் 72 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 72 படம்) என்றால் ஒரு ஃப்ரேமுக்கு 13.9 மில்லிவினாடிதான், அது தவறினாலும் தலைசுற்றும். லென்ஸ் இடைவெளி 58, 63, 68 மி.மீ. என மூன்று நிலை, ஒவ்வொருவரின் கண் இடைவெளிக்கும் ஏற்ப மாற்றியே ஆகவேண்டும். வெறும் வெள்ளைச் சுவரில், தான் இருக்கும் இடத்தைக் கணிக்க ஹெட்செட்டின் கேமராவுக்குப் பிடிமானம் கிடைக்காது, நாலு போஸ்டர் ஒட்டுங்கள். ஜன்னல் வெயில் லென்ஸில் விழுந்தால் உள்ளே டிஸ்பிளே கருகிவிடும்.

ஹெட்செட்டுக்குள் புரோகிராம் கோடு டைப் செய்ய வைக்காதீர்கள். கழற்றிய கையோடு தாளில், நடுவில் பெட்டி செருகும் இன்செர்ட் ஃபங்ஷனை எழுதச் சொல்லி, கயிறு மாட்டிய அதே வரிசையில் வரிகள் வந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.