கண்ணிய ஆய்வு மரணப் படுக்கைக்கு மட்டுமா?

"நோயாளியின் கண்ணியம் பற்றிய ஆய்வெல்லாம் கடைசிக் கட்டத்தில் இருப்பவர்களுக்குத்தான், நாள்பட்ட நோயாளிகள் கொஞ்ச நாளில் ஏற்றுக்கொண்டு பழகிவிடுவார்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். முதல் பாதியில் ஓரளவு உண்மை இருக்கிறது. அதிகம் பேசப்படும், மனநல மருத்துவர் ஹார்வி சோச்சினோவ் குழுவின் 2002 ஆய்வு, கனடாவில் இறுதிக்கட்டப் புற்றுநோயாளிகள் 213 பேரிடம் நடந்தது. ஆனால் துறையே அதோடு முடிந்துவிடவில்லை. நாள்பட்ட நோய் ஒருவரின் சுயத்தை எப்படி அரிக்கிறது என்று சமூகவியலாளர் கேத்தி சார்மாஸ் 1983-லேயே எழுதிவிட்டார். அவர் பேசியது சாவைப் பற்றி அல்ல. வீட்டோடு முடங்குவது, மற்றவர்களின் இளக்காரம், பாரமாகிவிட்டோமே என்ற எண்ணம்.

"பழகிவிடுவார்கள்" என்பதுதான் பெரிய தவறு. செவிலியர் ஆய்வாளர் பார்பரா பேட்டர்சன், 2001-ல் 292 தரம்சார் ஆய்வுகளை (எண்ணிக்கையை அல்ல, நோயாளிகளின் அனுபவத்தை ஆராய்பவை) தொகுத்துப் பார்த்துச் சொன்னது வேறு. நோய் சில காலம் முன்னுக்கு வரும், பின்னுக்குப் போகும், மறுபடி வரும். ஒரு புதிய அறிகுறி போதும். இதில் 'ஏற்றுக்கொண்டாச்சு' என்று கோடு போட இடமே இல்லை. நேற்றுவரை தானே குளித்தவருக்கு இன்று ஒரு கை உதவி தேவைப்பட்டால், திரையை இழுத்து மூடுவதும், தொடும் முன் கேட்பதும், பத்தாண்டாகத் தன் உடலைக் கவனித்துவரும் அவர் சொல்வதைக் காதில் வாங்குவதும் அன்றைக்கும் தேவை. இதையெல்லாம் வெறும் மரியாதைப் பேச்சு என்று ஒதுக்குபவர்கள், அநேகமாக, படுக்கையின் அந்தப் பக்கம் இருந்ததில்லை.