எங்கள் ஒழுங்கைக் கார்

போன கிழமை யாழ்ப்பாணம் நல்லூரில் ஒரு கல்யாணவீடு. மாப்பிள்ளை வந்திறங்கிய கார் ஒஸ்ரின் ஏ-40 சோமசெற். பளபளவென்று பெயின்ற் அடித்து, பொனற்றில் ரோசாப்பூ வளையம் வைத்து, கதவுப் பிடியெல்லாம் ரிபன் கட்டியிருந்தார்கள். பெடியள் சுற்றி நின்று செல்ஃபி எடுத்தார்கள். "வின்ரேஜ் கார் மச்சான்" என்றான் ஒருவன். நான் முன்பக்கம் போய்க் குனிந்து, என்ஜினைக் கையால் சுற்றி ஸ்ராட் பண்ண ஹாண்டில் விடுகிற ஓட்டையைத் தேடினேன். அதை அடைத்து மேலால் பெயின்ற் அடித்திருந்தார்கள். எனக்கு நெஞ்சு அடைத்தது மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்தும் அதே நினைப்பு. அதுதான் இந்தப் பதிவு. நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

எங்களிடமும் ஒரு சோமசெற் இருந்தது. 1952 இலிருந்து 1954 வரை இங்கிலாந்தில் செய்த மொடல். 1200 சி.சி. என்ஜின். அப்பப்பா புகையிலை விற்ற காசில் இரண்டாம் கையாக வாங்கியது. ஆங்கில எழுத்து நம்பர். வாகன நம்பரில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து வருவதற்கு முந்திய பதிவு என்பதில் அப்பப்பாவுக்குக் கடைசி மட்டும் ஒரு பெருமை இருந்தது.

அந்தக் காருக்கென்று சில குணங்கள் இருந்தன. கியர்த்தடி ஸ்ரியறிங்குக்குப் பக்கத்தில். இரண்டாம் கியர் தானாக விலகும், அதனால் அப்பா இடக்கையால் அதைப் பிடித்தபடியே ஓட்டுவார். திரும்பும்போது கதவுத் தூணிலிருந்து சிக்னலுக்குச் செம்மஞ்சள் கை ஒன்று எழும்பும், வலப்பக்கத்துக் கை எழும்பினால் இறங்காது. பின்சீற்றில் இருக்கிற ஆள் தூணில் ஒரு தட்டுத் தட்ட வேணும். இடப்பக்கப் பின்கதவை வெளியிலிருந்துதான் திறக்கலாம். மழைக்கு ஒரே ஒரு இடத்தில் ஒழுகும். அந்த இடத்தில் யாரும் இருக்கமாட்டோம், அம்மா அதில் ஒரு பேணியை வைப்பா. இதெல்லாம் வீட்டில் எல்லாருக்கும் பாடம். புதிதாக ஏறுகிற ஆட்களுக்கு நான்தான் சொல்லிக் கொடுப்பேன்.

1990 யூனில் அரசாங்கத்துக்கும் புலிகளுக்கும் சண்டை திரும்பவும் தொடங்கியது. பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, கரண்ட் இல்லை. இரவில் ஜாம் போத்தலில் திரி போட்டுத்தான் படித்தோம். புதிய ஜப்பான் கார் வைத்திருந்தவர்கள் அதைக் கட்டைமேல் ஏற்றி, படங்குபோட்டு மூடினார்கள். ஆனால் கிழட்டு ஏ-40களும் மொரிஸ் மைனர்களும் ஓடின. மண்ணெண்ணெயில் ஓடின.

இப்போதைய பிள்ளைகளுக்கு அது எப்படியென்று தெரியாது, அதனால் விபரமாகச் சொல்லுகிறேன். பெற்றோல் சும்மாவே ஆவியாகும். மண்ணெண்ணெய்க்குச் சூடு வேணும். குளிர்ந்த என்ஜினில் அது பிடிக்காது. ஆனால் ஒருக்கால் என்ஜின் சூடாகிவிட்டால், அமுக்கம் குறைந்த அந்தப் பழைய என்ஜின்கள் அதைக் குடித்துக்கொண்டு ஓடும். ஆகவே தாங்கியில் மண்ணெண்ணெய், ஸ்ராட் பண்ண மட்டும் சொட்டுப் பெற்றோல். அந்தப் பெற்றோலைச் சின்னப் பிளாஸ்ரிக் போத்தலில் வைத்து, எண்ணெயையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு விடுகிற காபரேற்றரின் வாய்க்குள் பீச்சுவோம். சூப்பி என்றுதான் அதைச் சொல்லுவோம். எங்கள் வீட்டில் சூப்பி பிடிப்பது என் வேலை. எனக்கு அப்போது பத்து வயது.

சாகக் கிடந்த பற்றரி பிளக்குக்கு நெருப்புக் கொடுக்கும், என்ஜினைச் சுற்றக் காணாது. அதனால் ஹாண்டில். அப்பா முன்னால் குனிந்து, ஹாண்டிலை விட்டு, கொழுவியதா என்று ஒருக்கால் மெல்ல ஆட்டிப் பார்ப்பார். பெருவிரலைச் சுற்றிப் பிடிக்கமாட்டார். மற்ற நாலு விரலோடும் சேர்த்து ஒரே பக்கமாக வைத்து, கீழிருந்து மேலே இழுப்பார். என்ஜின் எதிர்த்து அடித்தால் சுற்றிப் பிடித்த பெருவிரல் முறிந்துபோகும். "விரலைப் பார், விரலைப் பார்" என்று எனக்கு எத்தனை தரம் காட்டியிருப்பார்! மூன்றாவது இழுவையில் நான் சூப்பியை அமத்த வேணும். கூட அமத்தினால் பிளக் நனைந்துவிடும், குறைய அமத்தினால் பிடிக்காது. பிடித்ததும் கார் முழுக்கக் குலுங்கும், வெள்ளைப்புகை வேலிக்கு மேலால் போய் எங்கள் ஒழுங்கை (சின்னத் தெரு) முழுக்க மணக்கும். பிறகு நிற்பாட்டுவதும் லேசில்லை. திறப்பைத் திருப்பின பிறகும் சூட்டில் தானாக இருமி இருமி ஓடிக்கொண்டிருக்கும். அப்பா கியரைப் போட்டுக் கிளட்சை விட்டு அடக்குவார்.

மண்ணெண்ணெயும் சும்மா கிடைக்கவில்லை. சங்கக்கடையில் அட்டைக்கு அளந்துதான். அது விளக்குக்கே காணாது. ஆனாலும் எங்கள் ஒழுங்கையில் பதினொரு வீடும் தங்கள் பங்கிலிருந்து கொஞ்சம் கொண்டுவந்து எங்கள் விறாந்தையில் இருந்த கானில் ஊற்றுவார்கள். கேட்டதில்லை, அவர்களாகவே செய்தது. அவசரத்துக்கு ஓட அந்த ஒழுங்கைக்கு இருந்தது அந்த ஒரு கார்தான். அப்பா டிக்கி மூடியின் உட்பக்கத்தில் ஆணியால் பதினொரு கோடு கீறி வைத்திருந்தார். கணக்குக்கு இல்லை. "இது ஆரின்ரை கார் எண்டு மறக்கக்கூடாது" என்பார்.

பின்வீட்டு அக்காவுக்கு ஒரு நடுச்சாமத்தில் வயிற்றுக்குத்து வந்தபோது அந்தக் கார்தான் பெரியாஸ்பத்திரிக்குப் போனது. லைற் போடவில்லை. முன்னால் ஒரு அண்ணை சைக்கிளில் ரோச் அடித்துக்கொண்டு போனார், அந்த வெளிச்சத்துக்குப் பின்னால் கார் போனது. வழியில் எங்கேயும் என்ஜினை நிற்க விடக்கூடாது என்பதுதான் அப்பாவின் ஒரே கவலை. விடியப் பெண்பிள்ளை. அந்தப் பிள்ளை இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள்.

1995 ஒக்ரோபர் 30 இரவைப் பற்றி எழுதினால் என் கை நடுங்கும். சண்டை நெருங்கி வர, வலிகாமம் (யாழ்ப்பாணப் பட்டினமும் சுற்றுப்புறமும்) முழுக்க ஒரே இரவில் எழும்பிக் கிழக்கே தென்மராட்சிக்கு நடந்தது. லட்சக்கணக்கான சனம், ஒரே றோட்டு, நாவற்குழிப் பாலம், மழை. எங்கள் காருக்குள் அப்பம்மாவும் ஒழுங்கையில் நடக்கமுடியாத இன்னும் ஐந்து கிழவன் கிழவியும். நாங்கள் வெளியே. சனத்துக்குள் கார் அடிக்கு அடி நின்றது. ரேடியேற்றர் கொதித்தது. குடை விரித்துப் பிடித்து மழைத்தண்ணி சேர்த்துக் குடித்தவர்கள், அதில் பாதியை ரேடியேற்றருக்குள் ஊற்றத் தந்தார்கள். முன்பின் தெரியாத சனம். செம்மணிக்கு அங்கால் மண்ணெண்ணெயும் முடிந்தது. அதன்பிறகு தள்ளினோம். யாரென்று தெரியாத கைகளும் சேர்ந்து தள்ளின. அப்பம்மா உள்ளே இருந்து "இறங்கி நடக்கிறன், விடுங்கோ" என்று அழுதுகொண்டே வந்தா. கைதடிக்குப் போய்ச் சேர்ந்தபோது மற்ற நாள் மத்தியானம். அந்த ஆறு பேரில் ஒருவரையும் நாங்கள் விட்டுவிட்டு வரவில்லை. அந்தக் காரை இரும்பு என்று யாராவது சொன்னால் எனக்கு இப்பவும் கோபம் வரும்.

1996இல் வீடு திரும்பினோம். காரும் திரும்பியது.

2002இல் எங்களைத் தெற்கோடு இணைக்கிற ஏ-9 பாதை திறந்தது. பழைய கார் தேடித் தெற்கிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். அக்காவின் கல்யாணத்துக்குக் காசு தேவைப்பட்ட நேரம். அப்பா கொடுத்துவிட்டார். நானும் தலையாட்டினேன். கார் ஒழுங்கையால் போகும்போது முன்வீட்டு மாமி படலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தா. பின்னேரம் வந்து, "எங்களிட்டயும் ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம் வாத்தியார்" என்றா. வேறொன்றும் சொல்லவில்லை. அப்பா சாகுமட்டும் அந்தச் சொல்லை மறக்கவில்லை. நானும் மறக்கவில்லை. மாமி சொன்னது சரி. விற்க எங்களுக்கு உரிமை இருந்தது, கேட்காமல் விற்க உரிமை இருக்கவில்லை.

அதனால்தான் 'வின்ரேஜ்' என்ற சொல் எனக்குப் பிடிப்பதில்லை. அந்தச் சொல்லில் வயது மட்டும்தான் இருக்கிறது, அந்தக் கார்கள் செய்த வேலை இல்லை. யாழ்ப்பாணத்தில் இப்பவும் கராஜ் மூலைகளிலும் மாட்டுக்கொட்டில்களிலும் அவை நிற்கின்றன. வைத்திருக்கிறவர்களைக் கேட்கிறேன்: திருத்துங்கோ, பெயின்ற் அடியுங்கோ, கல்யாணத்துக்கும் விடுங்கோ, ஆனால் ஹாண்டில் ஓட்டையை அடைக்காதீங்கோ. என்ஜினைக் கழற்றி எறியாதீங்கோ. சூப்பிப் போத்தல் எங்கேயாவது கிடந்தால் கழுவி எடுத்து வையுங்கோ. விற்கத்தான் வேணும் என்றால் முதலில் அயலைக் கேளுங்கோ. காபரேற்றரைக் காதால் கேட்டே சரிபண்ணிய மெக்கானிக் அண்ணைமார் சிலர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைப் பக்கத்தில் இருத்தி, கதையை ஃபோனிலாவது பதிந்து வையுங்கோ. இப்படி ஒரு காரைச் சூப்பியோடும் ஹாண்டிலோடும் வைத்து, ஓட்டியும் காட்ட எங்கள் ஊரில் ஓர் இடம் வேணும். அதற்கு யாராவது முன்வந்தால் என்னால் ஏலுமான எல்லாம் செய்வேன்.

இன்னொரு உதவி. எங்கள் சோமசெற் இப்போது எங்கே நிற்கிறதென்று தெரியாது. கொண்டுபோன நேரம் கரும்பச்சை நிறம், இப்போது மாறியிருக்கும். உங்களில் யாரிடமாவது ஒரு சோமசெற் இருந்தால் டிக்கியைத் திறந்து மூடியின் உட்பக்கம் தடவிப் பாருங்கோ. பெயின்றுக்கு அடியிலும் கைக்குத் தெரியும், பதினொரு கோடு. இருந்தால் எனக்கு எழுதுங்கோ. திருப்பிக் கேட்கமாட்டேன். வாங்கினவர்கள் புதுப் பற்றரி போட்டுக்கொண்டு போனதால் ஹாண்டில் எங்கள் குசினிக் கதவுக்குப் பின்னால் அப்படியே கிடக்கிறது. அதைக் கொண்டுவந்து தந்துவிட்டுப் போகிறேன்.