இன்னைக்கு மட்டும் மாத்திரை வேண்டாம்

போன வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பதரைக்கு நண்பன் கூப்பிட்டான். டம்ளர் சத்தமும் யாரோ சைடிஷ் கேட்கிற சத்தமும் நடுவில். "மச்சான், டாக்டர் மன அழுத்த மாத்திரையை மாத்தி எழுதியிருக்கார். இன்னைக்கு ஒரு கட்டிங் போடலாம்னு இருக்கேன். மாத்திரையை இன்னைக்கு மட்டும் விட்டுடவா?"

இதைக் கேட்க அவன் என்னைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் செய்ததும் இதேதான்.

மன அழுத்தத்துக்கு ஒன்றரை வருஷம் எஸ்சிடாலோபிராம் சாப்பிட்டேன். (அம்மா சொந்தக்காரர்களிடம் "தலைவலிக்கு நரம்பு டாக்டரைப் பாக்கறான்" என்று சொல்லி வைத்திருந்தார்.) அது போதவில்லை என்று டாக்டர் வென்லாஃபாக்சினுக்கு மாற்றினார். பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும், புதியதை 37.5 மில்லிகிராமில் தொடங்கி 75-க்கு ஏற்ற வேண்டும். எந்த வாரம் எது எவ்வளவு என்று சீட்டின் பின்பக்கம் கட்டம் போட்டுக் கொடுத்தார். கடைசியாக, "தண்ணி அடிக்கிற பழக்கம் இருக்கா?" என்றார். எனக்கு ஒரு பக்கம் மனைவி, இன்னொரு பக்கம் மாமனார். "இல்லைங்க சார்." "நல்லது, மாத்திரை சாப்பிடறப்ப குடிக்கக் கூடாது." தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

மூன்றாவது வாரம் பொள்ளாச்சியில் சித்தப்பா பையன் கல்யாணம். சனி, ஞாயிறு இரண்டு நாளும் குடித்தேன், இரண்டு நாளும் மாத்திரை போடவில்லை. பொறுப்பாக நடந்துகொண்டதாகவே அப்போது நினைப்பு. செவ்வாய், வெள்ளி கவிச்சி கிடையாது என்பது போல, குடிக்கிற நாளில் மாத்திரை கிடையாது. "மாத்திரையோடு குடிக்கக் கூடாது" என்ற வாக்கியத்தை நம்மூரில் எத்தனை பேர் இப்படித்தான் புரிந்துகொள்கிறோம் என்று விசாரித்துப் பாருங்கள். சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, எல்லாவற்றுக்கும் இதே விரதம்தான்.

திங்கட்கிழமை காந்திபுரம் பஸ்ஸில் தலையைத் திருப்பினால் மண்டைக்குள் சுர்ரென்று கரண்ட் ஓடியது. கண்ணை அசைத்தாலே ஓடியது. குமட்டல், வியர்வை, பக்கத்தில் உட்கார்ந்தவர் மேல் காரணமில்லாத கோபம். சிங்காநல்லூர் தாண்டும்போது அழுதுகொண்டிருந்தேன். வீட்டில் எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்தோம்: புது மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை. டாக்டரும் வேறு மருந்து எழுதப் பேனாவை எடுத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து மனைவிக்குப் போன் வர, அவள் வெளியே போனாள். அந்த ஒரு நிமிஷத்தில் உண்மையைக் கொட்டினேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

அவர் சொன்ன கணக்கு எளிமையானது. வென்லாஃபாக்சின் உடம்பில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 5 மணி நேரம் போதும். உடம்பு அதிலிருந்து உண்டாக்கும் இன்னொரு பொருளுக்கு 11 மணி நேரம். இரண்டு நாள் விட்டால் மூளை மருந்தைத் தேட ஆரம்பித்துவிடும். அந்தக் கரண்ட் அதனால்தான். சரி, மன அழுத்தத்துக்கே தருகிற ஃபுளூஆக்சடின் மாதிரி மருந்து என்றால்? அது பாதியாகவே பல நாள் ஆகும், அதிலிருந்து உண்டாகும் பொருளுக்கு ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். அதை ஒரு நாள் விட்டுவிட்டுக் குடித்தாலும் மருந்து உள்ளேதான் இருக்கும். ஆக இந்த விரதம் ஒரு மருந்துக்குக் கெடுதல், இன்னொரு மருந்துக்கு வீண்.

சாராயத்தின் கணக்கும் நமக்குத் தெரியாது. டாஸ்மாக் குவார்ட்டர் 180 மில்லி, 42.8 சதவீதம். சுத்த ஆல்கஹால் மட்டும் சுமார் 60 கிராம். ஈரல் ஒரு மணி நேரத்துக்கு ஏழெட்டு கிராம்தான் எரிக்கும். ஒன்பது மணிக்குக் குடித்தது விடியும்வரை ரத்தத்தில் இருக்கும். படுத்தவுடன் தூக்கம் வரும், பின்னிரவில் அது உடைந்துவிடும். மறுநாள் மனசு கனக்கும். புது மருந்து வேலை செய்கிறதா என்று தெரியவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அந்த வாரங்களில் நடுநடுவே குடித்தால் கனப்பது நோயா, மருந்தா, நேற்றைய குவார்ட்டரா என்று பிரம்மாவுக்கும் தெரியாது. இப்படித்தான் நல்ல மருந்து "ஒத்துக்காத மருந்து" ஆகிறது.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். எஸ்சிடாலோபிராமின் விவரத்தாளிலேயே, ஆய்வில் அது ஆல்கஹால் தரும் தடுமாற்றத்தைக் கூட்டவில்லை என்றுதான் இருக்கும். ஆனாலும் குடிக்க வேண்டாம் என்று அடுத்த வரியில் இருக்கும். எல்லா மாத்திரையும் ஒன்றல்ல. நான் உண்மையில் பயப்படுவது டாக்டர் எழுதிய சீட்டின் கடைசி வரிக்கு. முதல் சில வாரம் தூக்கத்துக்கும் படபடப்புக்கும் சேர்த்து எழுதுவார்களே, குளோனசெபாம், அந்தச் சின்ன மாத்திரை. சரக்கோடு சேர்ந்தால் அது தூக்கத்திலேயே மூச்சை மந்தமாக்கும். பெரிய மாத்திரையை விட்டுவிட்டு, தூக்கம் வரவில்லையே என்று போதையிலேயே இதைப் போடுகிறவர்களை எனக்குத் தெரியும்.

தினமும் குடிக்கிறவர் இதைப் படித்துவிட்டு நாளைக்கே சட்டென்று நிறுத்தவும் வேண்டாம். அப்படி நிறுத்தினால் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதற்கும் டாக்டர் துணை வேண்டும்.

என் கோபம் குடிக்கிறவர்கள் மேல் இல்லை, அந்தக் கேள்வியைக் கேட்கிற விதத்தின் மேல். மாமனாரை உட்கார வைத்துக்கொண்டு "குடிப்பீங்களா" என்றால் எந்த மருமகன் ஆமாம் என்பான்? கூட்டம் அதிகம், நேரம் இல்லை, எல்லாம் புரிகிறது. ஆனால் "கூட வந்தவங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு ரகசியத்தை நோயாளியின் உரிமை என்கிறது. நான் அன்று உண்மை சொன்னது அந்த உரிமையால் அல்ல, மனைவிக்கு வந்த ஒரு போனால்.

அவளிடம் அன்று மாலையே சொன்னேன். "பொள்ளாச்சியில நீங்க எத்தனை தடவ மாடிக்குப் போனீங்கன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள். அவ்வளவுதான்.

நண்பனுக்கு வருகிறேன். "கட்டிங்கை விடுடா, மாத்திரையை விடாதே" என்றேன். சந்தேகம் இருந்தால் 14416-க்கு அடி, டெலி-மானஸ், அரசாங்கத்தின் மனநல உதவி எண், ராத்திரியிலும் எடுப்பார்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "டாக்டர்கிட்ட நான் குடிக்கிறதே இல்லைன்னு சொல்லியிருக்கேன் மச்சான். அப்பா கூட வந்திருந்தார்" என்றான்.

வியாழக்கிழமை அவனுக்கு அப்பாயின்ட்மென்ட். அப்பாவுக்குப் பதிலாக நான் போகிறேன். அவன் உள்ளே போகும்போது வெளி பெஞ்சில் உட்கார்ந்துகொள்வேன்.