என் அப்பா எங்களை விட்டுவிட்டு மைதானத்துக்குப் போனவர் அல்ல

அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்தில் நடந்தது வந்திருந்தவர்களுக்குத் தெரியும். பேசியவரின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. "நல்ல மனிதர்தான், ஆனால் விளையாட்டுப் பைத்தியம். அதை விட்டிருந்தால் இந்தக் குடும்பம் எங்கேயோ போயிருக்கும்" என்று பந்தியில் உட்கார்ந்துகொண்டு, அம்மாவின் காதில் விழும்படி சொன்னார். பக்கத்தில் நான்கு பேர் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டல்தான் எனக்கு ஆறவில்லை.

குடும்பம் எங்கே போயிருக்க வேண்டும்? திருவல்லிக்கேணியில் இரண்டு அறை வாடகை வீட்டில் இருந்துகொண்டு இரண்டு பெண்களைப் படிக்க வைத்தார். கட்டணம் கட்டவில்லை என்று நாங்கள் ஒரு நாளும் வகுப்புக்கு வெளியே நின்றதில்லை. படுத்த படுக்கையான பாட்டிக்கு மூன்று வருடம் தன் கையால் ஊட்டினார். இவ்வளவையும் செய்த மனிதர் சேப்பாக்கம் மைதானத்துக்குக் கிரிக்கெட் பார்க்கவும் போனார்.

அதுவும் தனியாகப் போகவில்லை. 1999 ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை. எனக்கு ஒன்பது வயது. தூக்கில் புளியோதரையோடு வாலாஜா சாலையில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். டெண்டுல்கர் 136 அடித்தும் பாகிஸ்தானிடம் 12 ரன்னில் தோற்றோம். நான் அழுதுகொண்டிருந்தேன். பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்தபோது அரங்கமே எழுந்து நின்று கை தட்டியது. அப்பாவும் எழுந்து என்னைத் தூக்கி பெஞ்ச் மேல் நிறுத்தி, "நன்றாக ஆடினார்கள் அம்மா, நீயும் தட்டு" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டே தட்டினேன். பெண் பிள்ளையை எதற்கு அங்கே கூட்டிப் போகிறாய் என்று அன்றைக்கும் சிலர் கேட்டார்கள்.

பதவி உயர்வை வேண்டாம் என்றாரே என்பீர்கள். வெளியூர் மாற்றலோடு வந்த உயர்வு அது. பாட்டியை யாரிடம் விட்டுவிட்டுப் போயிருப்பார்? உங்களில் யாராவது ஒரு வாரம் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னீர்களா?

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டில் தங்க மாட்டார் என்பது உண்மை. மெரினாவில் பையன்கள் ஆட, இவர் அம்பயராக நிற்பார். அம்மாவுக்கு அதில் வருத்தம் இருந்தது, மறுக்கவில்லை. அந்த வருத்தத்தைச் சொல்லும் உரிமை அம்மாவுக்கு உண்டு. உங்களுக்கு இல்லை.

2008 டிசம்பரை மட்டும் ஏன் யாரும் பேசுவதில்லை? இங்கிலாந்து டெஸ்ட், கையில் ஐந்து நாள் டிக்கெட். அந்த வாரம் அம்மாவுக்குக் கருப்பை அறுவை சிகிச்சை. டிக்கெட்டை எதிர்வீட்டுப் பையனிடம் கொடுத்துவிட்டு வார்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். கடைசி நாளில் 387 ரன்னைத் துரத்திப் பிடித்தோம். டெண்டுல்கர் ஆட்டமிழக்காமல் 103. சேப்பாக்கத்தில் அப்பா வாழ்நாளெல்லாம் காத்திருந்த ஆட்டம். அன்று மாலை அம்மாவுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தார். நான் பார்த்தேன். ஒரு முறைகூட ஸ்கோர் கேட்கவில்லை.

போன வருடம்வரை அவரிடம் டிக்கெட் கேட்டு வந்தவர்கள், ஆஸ்திரேலியாவோடு சம ரன்னில் முடிந்த 1986 டை டெஸ்டின் கடைசி ஓவரை அவர் வாயால் கேட்க எங்கள் திண்ணையில் உட்கார்ந்தவர்கள்தான் அன்று தலையாட்டினார்கள். நம் கடைசி விக்கெட்டாக மனிந்தர் சிங் எல்.பி.டபிள்யூ. ஆன இடத்தில் அவர் குரல் தழுதழுக்கும்போது கூடவே உச்சுக்கொட்டினீர்களே, அப்போது அது பைத்தியமாகத் தெரியவில்லையா?

2023 ஆகஸ்டில் எழும்பூரில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை ஹாக்கி இறுதி ஆட்டம். மலேசியாவிடம் 3-1 என்று பின்தங்கியிருந்தோம். என் மகன் தூக்கம் வருகிறது, வீட்டுக்குப் போகலாம் என்றான். "இருடா கண்ணா" என்று மடியில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டார். 4-3 என்று ஜெயித்தோம். ஆட்டோவில் அவர் தோளில் சாய்ந்து தூங்கியபடி வந்தான். தாத்தாவோடு அவன் போன கடைசி ஆட்டம் அதுதான். தாத்தா எப்போது வருவார் என்று இன்னும் கேட்கிறான்.

பந்தியிலேயே எழுந்து இதையெல்லாம் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. அப்பாவுக்காகப் பேச வேண்டிய ஒரே நாளில் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நேற்று இரண்டு பேர் போன் செய்து, பெரியவர் ஏதோ சொல்லிவிட்டார், மனதில் வைத்துக்கொள்ளாதே என்றார்கள். சமாதானம் என்னிடம் பேச வேண்டாம். அம்மா வீட்டில்தான் இருக்கிறார். மாலை ஆறு மணிக்கு மேல் யாராவது வருகிறார்களா என்று கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் போய்ச் சொல்லுங்கள்.