பால்வெட்டும் எண்ணூறு மீட்டரும்

அக்கா மகன் போன வாரம் 800 மீட்டரை 1 நிமிடம் 56 விநாடியில் (1:56) ஓடினான். வயசு 19. குடும்ப வாட்ஸப் குழுவில் கைதட்டல் அடங்குவதற்குள் ஒரு மாமா கேட்டுவிட்டார்: "எல்லாம் சரி மக்களே, போலீஸ் வேலைக்கு எழுதிப் போட்டியா?"

மாமாமீது எனக்கு வருத்தம் இல்லை. கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டிப் பிழைக்கிற வீடு அது. மழை பெய்தால் வெட்டு கிடையாது, வெட்டு இல்லாத நாளில் கூலியும் கிடையாது. மாதச் சம்பளத்தின் அருமை அங்கே தெரியும். என் கோபமெல்லாம் அவனுடைய பள்ளிக்கூட நாட்கள்மீதுதான்.

பதினைந்து வயதில் ஒரே மீட்டில், அதாவது ஒரே விளையாட்டுப் போட்டியில், காலையில் 800 ஹீட்ஸ் (தகுதிச் சுற்று), மதியம் ஃபைனல், மறுநாள் 1500, போதாக்குறைக்கு ரிலேயில் கடைசி ஆள். பள்ளிக்கு ஒட்டுமொத்த சாம்பியன் கோப்பை வேண்டுமே! குறுவட்டம், மாவட்டம் என்று இதே கூத்து. நம்ம மாவட்டத்துக்கு ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் ஒரு மழை. மண் டிராக் நனைந்தால் சேறு, காய்ந்தால் கல். முழங்காலுக்குக் கீழே எலும்பில் வலி வந்தது. ராத்திரி அக்கா தைலம் தேய்க்க விரல் வைத்ததும் காலை வெடுக்கென்று இழுத்துக்கொள்வான். அந்தக் காலோடுதான் மாநிலப் போட்டிக்கும் அனுப்பினார்கள். அப்புறம் எட்டு மாதம் ஓடவே இல்லை.

800 மீட்டர் பொல்லாத ஓட்டம். முதல் சுற்றில் ஆசைப்பட்டால் கடைசி 150 மீட்டரில் வட்டியோடு பிடுங்கிவிடும். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் கென்யாவின் ருடிஷா 1:40.91 ஓடி உலக சாதனை வைத்தபோதுகூட முதல் சுற்று 49.28 விநாடி, அடுத்தது 51 விநாடிக்கு மேல். முதல் சுற்றில் எவ்வளவு வேகம் போகலாம் என்கிற நிதானம் உடம்பில் ஏற வருடங்கள் ஆகும். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஸ்ரீராம் சிங் ஓடிய 1:45.77-ஐ இந்தியாவில் 42 வருடம் யாராலும் தொட முடியவில்லை. 2018-இல் அதை முறியடித்த ஜின்சன் ஜான்சனுக்கு அப்போது வயது 27. நாமோ பதினேழிலேயே பயல்களைப் பிழிந்து முடித்துவிடுகிறோம். 17 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஒரு மீட்டில் ஒரே ஒரு தனிப்போட்டி என்று வைத்தால் எந்தக் கோப்பை குறைந்துவிடும்?

அத்தானிடம் இதைச் சொன்னேன். "ரப்பர் நட்டு ஏழு வருசம் கத்தி வைக்க மாட்டோம். தடி பருக்காத மரத்துல வெட்டினா பாலும் இல்ல, மரமும் போவும்," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா அவன் கப்பு வாங்கிட்டு வந்தப்ப எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சி."

அந்த ஏழு வருடமும் தோட்டத்துக்காரர் சும்மா இருப்பதில்லை, இடையில் அன்னாசி போடுவார். வேலையையும் அப்படித்தான் பார்க்கிறேன். ஜின்சனே ராணுவத்தில் இருந்துகொண்டுதான் ஓடினார். அதனால் போலீஸுக்கு எழுதிப் போடச் சொல்லிவிட்டேன். அங்கே 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடித்தால் போதும். இவன் 4:05-இல் ஓடுகிறவன். மிச்ச நேரத்தில் என்ன செய்வது என்று இப்போதே கேட்கிறான்.