"அவங்க வீட்லயும் ஒரு சாவு விழும்ல?"

அத்தையின் அடக்கத்தன்று நடந்ததை நான் திரும்ப எழுத வேண்டியதில்லை, எல்லாருக்கும் தெரியும். சபைச் சந்தா பாக்கி என்று சொல்லி, கோயில் நிர்வாகத்தில் இருப்பவர்கள் துக்க மணி அடிக்க விடவில்லை. கல்லறைத் தோட்டத்துச் சாவி வந்து சேர சாயங்காலம் ஆனது. அத்தான் சபைத் தேர்தலில் எதிரணியில் நின்றதுதான் காரணம் என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். ஞாயிறு தவறாமல் பீடத்துக்குப் பூ கொண்டுபோன மனுஷிக்கு அந்த மணி இல்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆனால் இந்தப் பதிவு அவர்களைப் பற்றியது அல்ல. நம் ஆட்களைப் பற்றியது.

நேற்று ராத்திரி நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு. "அவங்க வீட்லயும் ஒரு சாவு விழும்ல, அன்னைக்குப் பார்த்துக்கலாம்." கீழே வரிசையாக 'ஆமென்'. எதற்கு ஆமென் சொன்னோம் என்று ஒருவராவது யோசித்தோமா? இன்னொரு வீட்டுச் சாவுக்குக் காத்திருக்கிறோம். இதைத்தானே அவர்கள் நமக்குச் செய்தார்கள்?

"அடிபட்டவனுக்குத்தான் வலி தெரியும்" என்பீர்கள். அடிபட்டது என் வீடு. பெட்டியின் பக்கத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தவன் நான். அதனால்தான் சொல்கிறேன், பழிக்குப் பழி வேண்டாம்.

என் அப்பாவும் பெரியப்பாவும் ஒரு வரப்புக்காக 11 வருஷம் பேசவில்லை. கோயிலில் ஒருவர் வலப்பக்கம், ஒருவர் இடப்பக்கம். அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்துக்கு மட்டும் இருவரும் தவறாமல் போய், நாலு ஆள் தள்ளி முழங்கால்படியிடுவார்கள். "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்று இருவருமே சத்தமாகத்தான் சொல்வார்கள். ஒரு மார்கழியில் பெரியப்பா திடீரென்று போய்விட்டார். அப்பா கல்லறைத் தோட்டம் வரை வந்து, உள்ளே வராமல் வேப்பமரத்தடியில் நின்றார். அதற்குப் பிறகு ரொம்ப காலம் அவர் திருவிருந்து எடுக்கவில்லை. கேட்டால், "இனி யார்கிட்டப் போய் ஒப்புரவாகுறது?" என்பார். அந்த முகம் எனக்கு மறக்காது.

சரி, "தப்பு செய்தவன் முதலில் வரட்டும்" என்கிறீர்கள். பைபிளில் மத்தேயு 5இல் காணிக்கையை வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகச் சொன்னது, யார்மேல் குறை இருக்கிறதோ அவருக்கு. அது அவர்கள் பாடு. ஆனால் மாற்கு 11:25 நமக்கு. ஜெபம்பண்ண நிற்கும்போது ஒருவன்பேரில் உங்களுக்குக் குறை இருந்தால் மன்னியுங்கள் என்கிறது. அவன் வந்து கேட்ட பிறகு என்று அங்கே இல்லை. நானும் தேடிப் பார்த்துவிட்டேன்.

"அப்போ அநியாயத்தை விட்டுவிடுவதா?" இல்லவே இல்லை. 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் தொழுநோயாளிகளுக்கு ஊழியம் செய்த ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸையும் அவருடைய மகன்கள் 10 வயது பிலிப்பையும் 6 வயது தீமோத்தேயுவையும் வண்டியோடு எரித்தார்கள். அவர் மனைவி கிளாடிஸ் அம்மா மன்னித்தார். 2004 வரை பாரிபதாவிலேயே தொழுநோயாளிகளோடு இருந்தார். அவர் மன்னித்ததால் வழக்கு நின்றுவிடவில்லை. முக்கியக் குற்றவாளி தாரா சிங்கின் ஆயுள் தண்டனையை 2011இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்க்கு முடிந்தது, ஒரு துக்க மணிக்காக நமக்கு முடியாதா? அத்தான் பேராயருக்கு மனு எழுதட்டும், முதல் கையெழுத்து என்னுடையது. இனி எந்த வீட்டுச் சாவுக்கும் சந்தா நோட்டைத் திறக்கக் கூடாது என்று கேட்போம். அவர்கள் வீட்டுக்கும் சேர்த்துத்தான்.

"நீ அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டாய்" என்று ஒருவர் தனியாக அனுப்பியிருக்கிறார். அண்ணே, அத்தையின் பெட்டியை நீங்களும் நானும்தான் ஒரே பக்கம் தூக்கினோம். இதைக் கேட்கும்போது வலிக்கிறது.

வரும் ஞாயிறு திருவிருந்து. சாவியை வைத்திருந்தவர் வீட்டுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் போகிறேன். கதவைத் திறப்பாரா என்று தெரியாது. அத்தானிடம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.